திரும்பி வராத மொய்: பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு ஊர்ப் பணம் திரட்டுவது எப்படி

நான் மொய் எழுதுகிறவன். பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். ஆனாலும் ஆடி பிறந்துவிட்டால் யாராவது ஒருவர் வந்து, "அண்ணே, வர்ற புதன்கிழமை நம்ம விருந்து, நீங்கதான் எழுதணும்" என்று வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போவார். 31 வருஷத்தில் எத்தனை நோட்டு எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. பணம் எப்படி வரும், எந்த இடத்தில் கைமாறும்போது குறையும் என்பது மட்டும் அத்துபடி.

மூன்று வருஷத்துக்கு முன் என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்த சில நாட்களிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. 1 கிலோ 380 கிராம். அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 26 நாள் வைத்திருந்தார்கள். ஊரில் அதைக் 'கண்ணாடிப் பெட்டி வார்டு' என்போம், நர்சுகள் 'எஸ்என்சியு' என்பார்கள். அத்தனை நாளும் நான் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே ஒன்று கண்ணில் படும்: மூலையில் ஒரு வார்மர், அதாவது பிள்ளைக்குச் சூடு கொடுக்கும் மெஷின், பச்சைத் துணி போர்த்திச் சும்மா நிற்கும். பக்கத்து வார்மரில் இரண்டு பிள்ளைகள் கிடக்கும்.

பேத்தி பிழைத்துக்கொண்டாள். இப்போது கோழி துரத்துகிறாள். அந்தப் பச்சைத் துணிக்காகத்தான் நாங்கள் பணம் திரட்டக் கிளம்பினோம். பாதி வேலையைத் தப்பாகச் செய்து, பிறகு திருத்திக்கொண்டோம். இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சிஸ்டரிடம் போங்கள்

என்ன வாங்குவது என்று ஊரில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். நாங்கள் டீக்கடை பெஞ்சில் 'வெண்டிலேட்டர்' என்று முடிவு கட்டினோம். கொரோனா காலத்தில் எல்லார் காதிலும் விழுந்த பெயர் அதுதானே. போய்ச் சொன்னதும் இன்சார்ஜ் சிஸ்டர் சிரித்துவிட்டார். "ஐயா, மூலையில நிக்கிற வார்மருக்கு என்ன கோளாறு தெரியுமா? ப்ரோப் போயிருச்சு, அவ்வளவுதான்."

ப்ரோப் என்பது ஒரு ஒயர். நுனியில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வில்லை இருக்கும், அதைக் குழந்தையின் வயிற்றில் ஒட்டுவார்கள். உடம்புச் சூடு 36.5-லிருந்து 37.5 டிகிரிக்குள் நிற்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும். மேலே இருக்கும் ஹீட்டர் அதற்குத் தகுந்த மாதிரி தன்னைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்ந்திருக்காது, சூட்டைத் தானாகப் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாது. ஒயர் ஒன்று போனதற்காக முழு மெஷினும் துணி போர்த்தி நின்றிருக்கிறது. லட்சங்களில் பேசிக்கொண்டு போன எங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் பத்துப் பேராகப் போய் நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும். 'என்ன வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், பெரிய மெஷின் பெயர்தான் வரும். எது இருந்தும் ஓடவில்லை, எது அடிக்கடி தீர்ந்துபோகிறது, எது இருந்தால் ராத்திரி டியூட்டியில் இருப்பவருக்குக் கொஞ்சம் கை ஒழியும் என்று பிரித்துக் கேளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த பட்டியலில் ப்ரோப்புக்கு அடுத்து வந்தது மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கு. பழைய ட்யூப் வகை விளக்குகள் பார்வைக்கு நன்றாகத்தான் எரியும், ஆனால் நாளாக ஆக வீரியம் குறைந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் எல்இடி விளக்கு கேட்டார்கள். அப்புறம் பல்ஸ் ஆக்சிமீட்டர். நாமெல்லாம் கொரோனாவில் விரலில் மாட்டிக்கொண்ட கிளிப் இந்தப் பிள்ளைகளுக்கு உதவாது, பாதத்தைச் சுற்றி ஒட்டும் பட்டை வேண்டும். இதற்கு டாக்டர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்கு ஆபத்து. கூடிப்போனால் குறைமாதப் பிள்ளையின் விழித்திரை கெட்டுப் பார்வையே போகலாம். ஆக்சிஜன் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த மீட்டர் காட்டும் எண் 90-லிருந்து 95-க்குள் நிற்க வேண்டுமாம். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளுக்கும் 2 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் ஒரு மாதத்துக்குள் கண் பரிசோதனை செய்வது இதனால்தான். ஒரு கிளப்காரர்கள் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கித் தருவதாக வந்து நின்றார்களாம். "சிலிண்டர் இருக்கு, அளக்கிறதுக்குத்தான் இல்லை" என்றார் சிஸ்டர்.

பட்டியலில் கடைசியாக இருந்தது நாற்காலி. சாய்வு நாற்காலி, எட்டு. நான் முதலில் அதை அடித்துவிடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தோம் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்களே. டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவைப்பதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டி போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. பிறகு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து, ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2021-இல் முடிவு வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை, உடல்நிலை தேறும்வரை காத்திருக்காமல், பிறந்ததுமே தாயின் மார்பில் போட ஆரம்பித்தபோது, 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். வழக்கப்படி காத்திருந்து செய்தபோது கிட்டத்தட்ட 16 பேர். அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. "தாய் மணிக்கணக்கா உட்காரணும் ஐயா. அறுவை செஞ்ச வயித்தோட பிளாஸ்டிக் ஸ்டூல்ல எப்படி உட்காருவாங்க?" என்று கேட்டார். என் மகள் 26 நாள் உட்கார்ந்தது பிளாஸ்டிக் ஸ்டூலில்தான். நாற்காலியைப் பட்டியலின் தலைக்குக் கொண்டுபோனோம்.

காகிதம், கையெழுத்து, கணக்கு

இது சுவாரஸ்யம் இல்லாத பகுதி. இதைத் தாண்டிக்கொண்டு போனால் பிறகு மாட்டிக்கொள்வீர்கள்.

மருத்துவமனையின் தலைமையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன், மற்ற அரசு மருத்துவமனைகளில் தலைமை மருத்துவ அலுவலர், அவருக்கு மேலே மாவட்டத்துக்கு நலப்பணிகள் இணை இயக்குநர். 'இந்தப் பொருட்கள் தேவை, நன்கொடையாகப் பெற்றுக்கொள்கிறோம்' என்று பட்டியலோடு ஒரு கடிதம் கையில் இருக்க வேண்டும். வசூலுக்குப் போகிற இடத்தில் உங்கள் முகத்தைவிட அந்தக் கடிதம் வேலை செய்யும். மருத்துவமனை பெயரில் நீங்கள் ரசீது அடிக்கக் கூடாது. உங்கள் சங்கத்தின் பெயரில்தான் அடிக்க வேண்டும். மருத்துவமனைக்கே நேரடியாகப் பணம் தர நினைக்கிறவர்களை அங்குள்ள நோயாளர் நலச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.

சங்கம் இல்லையென்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். அவசரத்துக்கு அது ஆகாது. ஏற்கெனவே நல்ல பெயரோடு ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பின் கீழ் செய்வது மேல். எங்கள் ஊர் நூலக வாசகர் மன்றத்துக்குப் பதிவு இருந்தது. அதன் பெயரில் தனிக் கணக்கு திறந்தோம். மூன்று பேரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். மூவரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது, ஒரே கட்சியாகவும் இருக்கக் கூடாது. நான் வேண்டுமென்றே அதில் சேரவில்லை. எழுதுகிறவன் கையில் பணம் இருக்கக் கூடாது, மொய்ப் பந்தலிலும் அப்படித்தான்.

வரிவிலக்கு கேட்பவர்கள் வருவார்கள். 80ஜி என்று சொல்லும் வருமான வரிப் பதிவு உள்ள அமைப்பாக இருந்தால்தான் அது கிடைக்கும், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் கிடையாது. எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டோம். கடைக்காரர்கள் இரண்டு பேர் விலகினார்கள். பரவாயில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் உங்கள் சொந்தத் தாய்மாமனாகவே இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசிடம் செய்யும் எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. என் பெரியம்மா மகன் அங்கே குடியுரிமை பெற்றவர். ஒரு லட்சம் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் லீவில் வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பந்தலில் போண்டா பரிமாறினார்.

மொய்ப் பந்தல்

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு: நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு வீட்டார் கறி விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் செய்வார்கள். அது இனாம் கிடையாது. நீ எனக்கு 1,000 செய்திருந்தால், உன் விருந்தில் நான் அந்த ஆயிரத்தோடு மேலே கொஞ்சம் போட்டுச் செய்ய வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது நோட்டில் இருக்கும். திருப்பிச் செய்யாதவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வட்டியில்லாத வங்கி என்றே சொல்லலாம். மொய்ப் பணத்தில் வீடு கட்டியவர்கள் உண்டு, அதில் மூழ்கியவர்களும் உண்டு.

இதை வைத்து ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டலாம் என்று நான் சொன்னபோது முதல் கேள்வி இப்படி வந்தது: "சரி மாமா, நான் ஐந்நூறு எழுதுறேன். எனக்கு இதை யாரு திருப்பிச் செய்வா? ஆஸ்பத்திரியா?" கேட்டவர் கிண்டலாகக் கேட்கவில்லை. மொய் என்ற சொல்லுக்குள்ளேயே திரும்பி வரும் என்ற பொருள் இருக்கிறது. ஆகவே அழைப்பிதழில் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், 'இந்த மொய் திரும்பி வராது' என்று அச்சடித்தோம். ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. விளம்பரத்துக்கு வேறு செலவே செய்யவில்லை.

நோட்டிலும் ஒரு மாற்றம் செய்தேன். வழக்கமாக ஊர், பெயர், பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு என்று கட்டம் போடுவோம். இதில் 'பழையது' கட்டம் தேவையில்லை. அதை வெறுமனே விட மனமில்லாமல், 'யாருக்காக' என்று எழுதினேன். விருப்பமிருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் வேண்டாம். முதல் பத்துப் பேர் 'பொது' என்றார்கள். பதினோராவதாக எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பாட்டி, முந்தானையில் முடிந்துவைத்திருந்த 50 ரூபாயை அவிழ்த்து வைத்துவிட்டு, "ஆம்பளைப் புள்ளை, ஒன்பது நாள், பேரு வைக்கலைன்னு எழுது" என்றார். எந்த வருஷம் ஆத்தா என்று கேட்டேன். இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம் என்றார். அறுவடை நாளில் அந்தப் பாட்டியோடு எத்தனை களத்தில் நின்றிருக்கிறேன், இப்படி ஒரு பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு 'பொது' என்று சொன்னவர்கள் குறைந்துபோனார்கள்.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது, குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அரை நிமிஷம் ஆக வேண்டிய வேலை மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. வரிசை ரோடு வரை போய்விட்டது. நான்கு மேஜையாவது போடுங்கள், ஒவ்வொன்றிலும் பொறுமையாகக் கேட்டு எழுதுகிற ஆளாக இருக்கட்டும். சின்னப் பசங்களை உட்காரவைக்காதீர்கள்.

மேஜைக்கு மூன்று பேர். ஒருவர் பணத்தை வாங்கி, எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் நோட்டில் எழுத வேண்டும். மூன்றாமவர் ரசீது கொடுக்க வேண்டும், பத்து ரூபாயானாலும் ரசீது. சத்தமாகச் சொல்வது முக்கியம். கொடுத்தவர், எழுதியவர், பின்னால் நிற்பவர் என்று மூன்று காதில் விழுந்துவிட்டால் பிறகு சண்டை வராது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டி, இருவர் கையெழுத்து. அடித்து எழுதக் கூடாது, தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு மேலே எழுதிக் கையெழுத்து. முடிந்ததும் கூட்டம் கலைவதற்கு முன்பே அங்கேயே எண்ண வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதுங்கள். ராத்திரி பணம் யார் வீட்டில் இருந்தது என்பதையும் எழுதிவையுங்கள். மறுநாள் வங்கி திறந்ததும் கட்டிவிட வேண்டும்.

க்யூஆர் அட்டை வைத்தால் அது சங்கக் கணக்கின் அட்டையாக இருக்கட்டும். "என் ஜிபேல போடுங்க, நான் மாத்திவிடுறேன்" என்று ஒரு நல்ல மனிதர் சொல்வார். நல்ல மனிதராகவே இருந்தாலும் வேண்டாம்.

கறி போட வேண்டுமா என்பதில் பெரிய விவாதம் நடந்தது. கறி இல்லாத மொய் விருந்துக்கு எங்கள் பக்கம் ஆள் வர மாட்டார்கள், கறி போட்டால் வந்த பணத்தில் பாதி ஆட்டுக்கே போய்விடும். கடைசியில் டீயும் போண்டாவும் என்று முடிவானது. மாவு, எண்ணெய், பால், கேஸ், பந்தல் எல்லாமே பொருளாக வாங்கினோம், மொய்ப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. போண்டாவுக்கு உருளைக்கிழங்கு கொடுத்தவர் பெயரும் நோட்டில் இருக்கிறது.

நாள் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஆடியில் வைத்துவிடாதீர்கள், ஊர்ப் பணமெல்லாம் மற்ற விருந்துகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். எங்களுக்கு மாசிதான் சரிப்பட்டது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கும். உங்கள் ஊரில் பணம் புழங்கும் மாதம் எது என்று மளிகைக்கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

பந்தலில் வந்தது 2,61,340. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தலைக்கு நூறு என்று போட்டுக் கொடுத்தது 38,400. வங்கி வழியாக 1,12,500. ஆக 4,12,240 ரூபாய். உண்டியல் வைக்கவில்லை. உண்டியலில் போட்டவருக்கும் பேர் இல்லை, எடுத்தவருக்கும் பேர் இல்லை, எனக்கு அது பிடிக்காது.

கேட்கும்போது

"கவர்மெண்டு என்ன பண்ணுது?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ஆம்புலன்ஸ் எல்லாம் இலவசம், 2011-லிருந்து மத்திய அரசுத் திட்டமே இருக்கிறது. என் பேத்திக்கு ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் ஒரு ஒயர் போனால் புதியது வந்து சேர்வதற்குள் நாள் ஆகிறது, அந்த நாட்களுக்குள் வேறு பிள்ளை பிறந்துவிடுகிறது. இந்த இடைவெளிக்குத்தான் பணம் கேட்கிறோம் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

குழந்தைகளின் படத்தைப் போடாதீர்கள். மூக்கில் குழாயோடு இருக்கும் பிள்ளையின் போட்டோவை வாட்ஸாப்பில் விட்டால் பணம் வேகமாக வரும், அது உண்மைதான். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும். எங்கள் நோட்டீசில் இருந்தது சாய்வு நாற்காலியின் கோட்டுப் படம், பக்கத்தில் அதன் விலை. அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்

பணம் கேட்டுப் போனால் பொருள் வரும். கரடிப் பொம்மை, பழைய துணி, யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய மானிட்டர். பொம்மைக்கு அந்த வார்டில் இடமே இல்லை, கிருமிதான் சேரும். உதிரிப் பாகம் கிடைக்காத மெஷின் இன்னொரு பச்சைத் துணிக்குத்தான் வழி.

பால் பவுடர் தனிக் கதை. ஒரு மருந்துக்கடைக்காரர் நல்ல எண்ணத்தோடு இரண்டு பெட்டி டின் கொண்டுவந்தார். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். 1992-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது: பால் பவுடரையும் பால் புட்டியையும் இப்படி இனாமாகக் கொடுக்கக் கூடாது, அநாதை இல்லங்களுக்கு விலக்கு உண்டு. குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் மருந்து, டின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தாய்ப்பால் பின்னுக்குப் போய்விடும் என்றார். கடைக்காரர் முகம் வாடிப்போனது. நாங்கள்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் நோட்டீசிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அப்புறம் பெயர்ப் பலகை. வார்மருக்கு வார்மர் 'உபயம்' எழுத ஆள் இருக்கிறார்கள். டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தையே மறைப்பார்களே, அந்த மாதிரி. நாங்கள் மெஷின் எதிலும் பெயர் ஒட்டவில்லை. வராந்தாவில் ஒரே பலகை, அதில் ஊர்களின் பெயர் மட்டும். ஒப்படைக்கிற நிகழ்ச்சியும் வராந்தாவோடு முடிந்துவிட்டது. பெரிய மனிதர் ஒருவர் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிப் போட்டோ எடுக்க ஆசைப்பட்டார். சிஸ்டர் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவணும், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டணும் சார்" என்றார். அவர் கையில் ஏழு மோதிரம். வெளியிலேயே நின்றுவிட்டார்.

வாங்கும்போது

மருத்துவமனையின் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பயோமெடிக்கல் இன்ஜினியரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். இதில்தான் நாங்கள் நன்றாக அடிபட்டோம். ப்ரோப்தானே என்று நினைத்து, வார்மரின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வாங்கிவந்தோம். ஒன்றுகூடச் செருகவில்லை. அதே கம்பெனிதான், மாடல் வேறு, செருகும் நுனியில் இருக்கும் பின்களின் எண்ணிக்கை வேறு. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நஷ்டத்தைக் கமிட்டி ஆட்கள் கைக்காசு போட்டு அடைத்தோம், ஊர்ப் பணத்தில் எழுதவில்லை. மாடல் எண்ணை எழுதிக்கொள்வதோடு, பழைய ஒயரையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்று கடையில் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். மலிவானதையே எடுக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஏன் எடுக்கவில்லை என்பதை எழுதிவையுங்கள். வாரண்டி முடிந்த பிறகு சர்வீசுக்கு யார் வருவார், எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேளுங்கள். சென்னையிலிருந்து வருவார் என்றால் யோசியுங்கள். கடைக்காரர் வந்து சொல்லிக்கொடுக்கும்போது பகல் சிஸ்டர்கள் மட்டும் இருந்தால் போதாது, ராத்திரி ஷிப்டுக்கும் ஒரு தடவை வரச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட் எத்தனை காலியாக இருக்கிறது, அது ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாங்கள் வாங்கிய ஒரு நீல விளக்கு பிளக் பாயின்ட் இல்லாமல் பதினோரு நாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

ஒப்படைத்ததும் மருத்துவமனையின் இருப்புப் பதிவேட்டில் ஏறியதா, எந்தப் பக்கம், எந்த எண் என்று கடிதமாக வாங்குங்கள். பதிவேட்டில் ஏறாத மெஷின் பழுதானால் அது யாருடைய பொறுப்பும் ஆகாது. கட்டடம், கழிப்பறை, தாய்மார் தங்கும் அறை என்று பெரிதாக யோசிக்கிறவர்கள் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். அதற்கு ஆட்சியர் அலுவலகம் நடக்கத் தெம்பு வேண்டும்.

வந்த பணம் முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு, 82,000 ரூபாயைத் தொடாமல் வைத்தோம். "பணம் இருக்குல்ல, இன்னொரு மெஷின் வாங்கலாமே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒயரும் பட்டையும் வருஷம் முழுக்கக் கெட்டுக்கொண்டே இருக்கும். பந்தலை வருஷம் முழுக்கப் போட முடியாது.

படித்துக் காட்டுங்கள்

வரவு செலவை இரண்டு பக்கத்தில் அச்சடித்து டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி மூன்றிலும் ஒட்டினோம். கிராம சபையிலும் படித்தோம். மே 1-ஆம் தேதி கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பன்னிரண்டாம் பக்கத்துக் கூட்டலில் 40 ரூபாய் இடிக்கிறதே என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது, 31 வருஷத்தில் இப்படி ஒருவர் கேட்டதில்லை. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் அவர் சொன்னது சரி, 60-ஐ நான் 20 என்று கூட்டியிருக்கிறேன். பணம் சரியாக இருந்தது, கூட்டல்தான் தப்பு. ஒரு கோடு போட்டுத் திருத்தி, அங்கேயே கையெழுத்துப் போட்டேன். அந்த ஆளைத்தான் இந்த வருஷம் இரண்டாவது மேஜைக்கு எழுத உட்காரவைத்தோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கமிட்டியில் இருவர் போய்ப் பார்க்கிறார்கள், கதவுக்கு வெளியிலிருந்துதான். நாற்காலியில் ரெக்சின் ஒன்று கிழிந்திருந்தது, தைத்துக் கொடுத்தோம். ஒதுக்கிவைத்த பணத்தில் இன்னும் 31,600 இருக்கிறது. நேற்று சாயங்காலம் சிஸ்டர் போன் செய்தார்: "ஐயா, மூணாம் நம்பர் வார்மர்ல ப்ரோப் போயிருச்சு." ஒயரின் நுனியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பியிருக்கிறார். பின் எத்தனை என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன், சரியாகத் தெரியவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் நேரில் போய்ப் பழைய ஒயரை வாங்கிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.